பங்கு போடுகிற கை

மார்ச் 3

பியூட்டி பார்லரில் கூட்டம் இல்லை என்று சீக்கிரம் வந்தால், என் சமையலறை மேடையில் ஊசிப் பொட்டலங்கள்! புதுசு, கட்டுக் கட்டாக. கொண்டுவந்து வைத்தவர் என் நாத்தனார். இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களைத் தேடிப் போய்ப் புது ஊசி கொடுத்துப் பழசை வாங்கி வருவதுதான் அவர் வேலை. ஊருக்குச் செய்யட்டும். சொந்தத் தம்பிக்கா? அதுவும் என் வீட்டிலேயேவா?

கேட்டேவிட்டேன். "நீங்களே எடுத்துக் குடுத்தா அவரு எப்ப அண்ணி விடுவாரு?"

"விடுறப்ப விடட்டும். அதுவரைக்கும் உசுரோட இருக்கணும்ல?" என்றார். அதோடு நிறுத்தினாரா? "குழந்தைக்கு அவசரப்படாதீங்க. ரெண்டு பேரும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுங்க. அதுவரைக்கும் ஆணுறை இல்லாம வேணாம்." தம்பியை வைத்துக்கொண்டே சொல்கிறார்! முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

நாலு வருஷமாகக் குழந்தைக்கு ஏங்குகிறேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றவென்றே சிலர் நாத்தனாராகப் பிறக்கிறார்கள் போல.

மார்ச் 4

"நான் இதுவரைக்கும் யார் ஊசியையும் தொட்டதில்ல" என்கிறார் இவர். நம்புகிறேன். பொய் சொல்ல வராத மனுஷன். அப்புறம் டெஸ்ட் எதற்கு?

மார்ச் 11

இன்று கண்டதை எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

இவரோடு சேர்ந்து போட்டுக்கொள்கிற இருவரையும் அண்ணி வீட்டுக்கு வரவழைத்திருந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருத்தர், பெயின்டர் ஒருத்தர். "எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே வெறும் தண்ணியில செஞ்சு காட்டுங்க" என்றார். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு ஊசி, தனித்தனி. எனக்குப் பெருமைகூட வந்தது, பாருங்கள் அண்ணி என்பதுபோல.

ஆனால் சரக்கு மூன்று பேரும் சேர்ந்து வாங்குவது. ஒரே பாட்டில் மூடியில் கரைப்பது. யாருக்கும் ஒரு சொட்டு குறையக்கூடாது. அதனால் இவர் மொத்தத்தையும் தன் ஊசியில் இழுத்து, கோடு பார்த்து, மற்ற இருவர் ஊசியிலும் அவரவர் பங்கை ஏற்றிவிடுகிறார். வயர்மேன் இல்லையா, கை நடுங்காது. "இவன் கை தராசுக்கா. இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததில்ல" என்று டைல்ஸ்காரர் சான்றிதழ் வேறு கொடுத்தார்.

"டேய், பிரிக்கிற ஊசி புதுசா?" என்றார் அண்ணி.

"என்னோடதுதான்க்கா. நேத்துப் போட்டது."

அண்ணி என்னிடம் துணிக்குப் போடும் நீலம் கேட்டார். இவர் ஊசியில் ஒரு சொட்டு இழுக்கச் சொல்லி, வெளியே பீச்சச் சொன்னார். "இப்ப நல்ல தண்ணிய எடுத்துப் பங்கு போடு."

மூன்று ஊசியிலும் நீலம். லேசாக. ஆனால் மூன்றிலும்.

"அது உன் ரத்தம்னு வச்சுக்கோ," என்றார். "ஊசி மாறல. ஆனா உள்ள இருக்கிறது மாறிடுச்சு. ஒருத்தன ஒருத்தன் ஏமாத்தாம பங்கு போட்டீங்க பாரு, அதுலதான்டா மாட்டிக்கிட்டீங்க."

திட்டவில்லை! நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். கரைக்கிறதற்கு முன், பொடியாக இருக்கும்போதே பிரிக்கணும், முடியாவிட்டால் பிரிப்பதற்கென்றே புது ஊசி, தண்ணீர், கரைக்கிற மூடி, வடிகட்டுகிற பஞ்சு எல்லாம் ஆளுக்கு ஒன்று என்று, குழம்புக்குப் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னார். மூன்று தடிமாடுகளும் கை கட்டிக் கேட்டன. இப்படி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்லை.

அவர்கள் போனபின் இவர் ஒன்றே ஒன்று கேட்டார். "என் கையாலயா?"

மார்ச் 12

பயமாருக்கு. அவருக்கு இருந்தா எனக்கும்தானே? எனக்கு இருந்தா — குழந்தை?

மார்ச் 15

எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. இல்லை. பெயின்டருக்கும் இல்லை. கடைசியாகப் பங்கு போட்டபோது தொற்றியிருந்தால் இன்னும் டெஸ்டில் தெரியாமல் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

டைல்ஸ்காரருக்கு இருக்கிறது. அவரே வெளியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாத்திரை வாங்க உள்ளே வா என்று அண்ணி கூப்பிட்டால், "இனிமே எனக்கு என்னக்கா இருக்கு, போங்க" என்கிறார். நர்ஸ் வந்து கூப்பிட்டும் அசையவில்லை. தனக்கே இல்லாதது தன் ஊசியிலிருந்து போயிருக்காது என்று தெரிந்தும், இவர் அவர் முகத்தையே பார்க்க முடியாமல் சுவரோடு நின்றார்.

அண்ணி படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "நீ வாங்கப் போற மாத்திரை இதுதான். நான் தெனமும் போடறேன். என் பொண்ணு பொறக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து. எந்திரி."

கூடப்பிறந்த தம்பிக்கே தெரியாது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, போகிறவர் வருகிறவர் காதில் விழ, இன்னொருத்தரை எழுப்பி நிறுத்துவதற்காகச் சொல்லிவிட்டார். குரல்கூட மாறவில்லை.

டைல்ஸ்காரர் எழுந்து உள்ளே போனார். நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னடி, கை இப்படிச் சில்லுனு இருக்கு?" என்று என்னைக் கேட்கிறார்!

மார்ச் 17

கேட்கலாமா கூடாதா என்று நினைத்து நினைத்து, கேட்டுவிட்டேன். "பொண்ணுக்கு, அண்ணி?"

"இல்ல. வயித்துல இருக்கிறப்பவே மாத்திரைய ஒழுங்காப் போட்டேன், டாக்டர் சொன்னபடி நடந்தேன். அவளுக்கு என் வாய் மட்டும்தான் வந்திருக்கு."

வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 20

இவர் ஊசியை விட்டுவிட்டார் என்று எழுத ஆசை. விடவில்லை. போதைக்குப் பதிலாகக் கிளினிக்கில் தரும், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக்குப் போகிறார். சறுக்கினால் அன்றே அக்காவிடம் சொல்லிப் புது ஊசி வாங்கிக்கொள்கிறார். எனக்கும் சொல்கிறார். கோபம் வருகிறது. சொல்கிறாரே என்றும் இருக்கிறது.

மே 9

டைல்ஸ்காரர் வேலைக்குப் போகிறாராம். மாத்திரை முதலில் குமட்டியதாம், இப்போது பழகிவிட்டதாம்.

ஜூன் 18

இரண்டாவது டெஸ்ட். இருவருக்கும் இல்லை.

இவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அண்ணி உள்ளே வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டிருந்தார். "இல்ல அண்ணி. ரெண்டு பேருக்கும் இல்ல."

ஏதாவது வெடுக்கென்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். தனக்காக ஒரு சொட்டு விடாதவர்.

இவரும் வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எங்கள் பஸ் வந்து நின்று, போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.