கிளியோ பேரில் என் கைத்தட்டு

12 பிப்ரவரி 1962, திங்கள்

இன்று முன்னூற்றுப் பன்னிரண்டு கதவு மாட்டினேன். மேஸ்திரி இருநூற்றெண்பது என்றுதான் எழுதிக்கொண்டான். அவனுக்கு எண்ணத் தெரியாது. டெட்ராய்ட் முழுக்கத் தேடினாலும் காருக்கு இடது கதவு மாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வலது கதவு கிளியோபஸ். பதினான்கு வருடமாக ஒரே காருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். கண்ணாடி போடாத கார் ஜன்னல் வழியாக அவன் மூஞ்சியைப் பார்த்த அளவுக்கு என் மனைவி ஒடெஸ்ஸாவின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் வெர்லீன் வந்தாள். என் அக்கா மகள், பத்தொன்பது வயது. அவளும் இரண்டு தோழிகளுமாகப் பாடுகிறார்கள். சனிக்கிழமை அவர்கள் பாட்டு இசைத்தட்டுக்குப் பதிவாகிறதாம், மிஸ்டர் பாஸ்கம் வீட்டில். முன்பு பல் டாக்டர் இருந்த வீடு.

"மாமா, கை தட்ட ரெண்டு ஆள் வேணுமாம். சும்மா கை இல்ல, கனத்த கை."

"கனத்த கையா? இந்தக் கையால ஆறு வயசுலேயே ஒரு கோவேறு கழுதையைச் சாய்ச்சவன் நான்."

"போன தடவை பத்து வயசுன்னீங்க."

"அது வேற கழுதை."

இன்னொரு கைக்குக் கிளியோவைச் சொன்னேன். அவன் உள்ளங்கை மண்வாரி மாதிரி. என்னுடையதைவிடக் கொஞ்சம் சின்னது.

17 பிப்ரவரி, சனி

நடந்ததை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஒடெஸ்ஸாவுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் என் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது.

பாஸ்கம் எங்கள் இருவரையும் குளியலறையில் நிறுத்தினார். அங்கேதான் சத்தம் நன்றாக எதிரொலிக்குமாம். ஒரு மைக், ஒரு தொட்டி, நான், கிளியோ. கதவைச் சாத்திவிட்டார்கள். முன்னறையில் வாத்தியக்காரர்களும் பெண்களும். காதில் மாட்டிய குழாயில் பாட்டு கேட்கும், நாங்கள் தட்டவேண்டும்.

பாட்டு, ஒரு பெண் தன் காதலனைக் கூப்பிடுவது. 'ஜன்னல் திறந்திருக்கு' என்று வெர்லீன் இழுத்து நிறுத்துவாள். உடனே எல்லாம் நிற்கும். மேளம், கிதார், எங்கள் கை, எல்லாம். இரண்டு தட்டு நேரம் ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. அப்புறம் எல்லாரும் ஒன்றாகப் பாய்வார்கள். பாஸ்கம் இதை மூன்று முறை சொன்னார்.

ஒன்பதாவது தடவை வெர்லீன் பாடினாள் பாருங்கள், எனக்கு முதுகெலும்பு சிலிர்த்துவிட்டது. இதை ஐசக்கின் முடிவெட்டும் கடையில் எப்படிச் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். வாக்கியமும் நன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் திறந்திருக்கு, எல்லாம் நின்றது, என் கை நிற்கவில்லை.

டப்.

ஒரே ஒரு தட்டு. அந்த அமைதியில்.

பாட்டு முடிந்ததும் பாஸ்கம் கதவை உதைத்துத் திறந்தார். "யாருய்யா அது?" பின்னால் வெர்லீன் நின்றாள், கண்ணெல்லாம் தண்ணீர். அவர் கேட்டு முடிப்பதற்குள் என் விரல் கிளியோவைக் காட்டிவிட்டது. நான் காட்டவில்லை, விரல் காட்டியது. கிளியோ வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"கோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனி இந்தப் பக்கம் வராதே" என்றார் பாஸ்கம்.

வாத்தியக்காரர்களுக்கு வேறு இடத்தில் வாசிக்கப் போகவேண்டும், நேரம் முடிந்துவிட்டது. இருப்பதில் அந்த ஒன்பதாவதுதான் நன்றாக வந்ததாம். தட்டோடு சேர்த்து அதையே வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

நாளைக்கு அவனிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

18 பிப்ரவரி, ஞாயிறு

தேவாலயத்தில் கிளியோ வேறு வரிசையில் உட்கார்ந்தான். வெயில் படும் பக்கம் வேண்டும் போலிருக்கிறது.

22 பிப்ரவரி, வியாழன்

இன்றும் அவன் பேசவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தான். கதவை மாட்டினான்.

6 ஏப்ரல், வெள்ளி

ரேடியோவில் வந்துவிட்டது! ஒடெஸ்ஸா கரண்டியோடு நின்றுவிட்டாள். தெரு முழுக்க ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். ஐந்நூறு வீடு இருக்கும்.

பாட்டு நின்றது. டப். உடனே ரேடியோக்காரன் குறுக்கே விழுந்து சிரிக்கிறான்: "கேட்டீங்களா! பொண்ணு ஜன்னல் திறந்திருக்குன்னு பாடுது, அவங்கப்பா வந்து படார்னு சாத்திட்டாரு! அதை மட்டும் இன்னொரு தடவை போடுறேன்."

போட்டான். நாலு தடவை போட்டான்.

அந்த டப் நான்தான். டெட்ராய்ட் முழுக்கச் சிரித்தது என் உள்ளங்கைக்கு.

21 ஏப்ரல், சனி

நகரத்துப் பட்டியலில் பாட்டு ஏழாம் இடம். நடனக் கூடங்களில் ஜோடிகள் அந்த இடத்தில் சிலையாக நின்று, ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி ஆடுகிறார்களாம்.

இன்று ரேடியோவில் வெர்லீனைப் பேட்டி எடுத்தார்கள். "அந்தத் தட்டு யாரோட யோசனை?" என்று கேட்டான். இவள் வெகுளி. "யோசனை எல்லாம் இல்ல சார். எங்க மாமாவோட சிநேகிதர் மிஸ்டர் கிளியோபஸ், தெரியாம தட்டிட்டார். பாவம், அதுக்காக அவரை வெளியே அனுப்பிட்டாங்க."

மிஸ்டர் கிளியோபஸ்! ரேடியோவில்! மூன்று மாநிலத்துக்குக் கேட்கிற ரேடியோவில்!

இந்தப் பொய்யை எவன் சொன்னது? நான்தான் சொன்னேன். சரி. அதற்காக ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டுமா?

4 மே, வெள்ளி

வயிறு எரிகிறது. ஒடெஸ்ஸா மிளகாய்ச் சாற்றைக் குறைத்துக்கொள் என்கிறாள். மிளகாய்ச் சாறாம்.

தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவிலிருந்து ஆட்கள் கிளியோவின் கையைப் பார்க்க வருகிறார்கள். பதினான்கு வருடத்தில் என்னிடம் நேரத்தைக்கூடக் கேட்காத மேஸ்திரி அவனுக்குக் கை கொடுக்கிறான். "எங்கே கிளியோ, ஒரு தட்டு தட்டு" என்கிறான். இவன் தட்டுகிறான். தட்டா அது? ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு எல்லாரும் ஹோ என்று விசில்.

சாப்பாட்டுக் கடையில் அந்த விதவை பெர்னீஸ் அவனுக்கு, அடுப்பில் இனிப்பாகச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை வெட்டி வைக்கிறாள், பாத்திரத்தில் கால்வாசி. எனக்குக் காகிதம் மாதிரி மெல்லிசாக ஒரு துண்டு.

மத்தியானம் கார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து அவன் சிரித்தான். இரண்டரை மாதத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது? என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஏறக்குறைய.

12 மே, சனி

பாஸ்கம் ஆள் அனுப்பி, மன்னிப்புக் கேட்டு, கிளியோவைக் கூட்டிப் போயிருக்கிறார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்கு அங்கே வேலை. "அந்தக் கை நம்ம வீட்டு அதிர்ஷ்டம்" என்றாராம்.

எந்தக் கைய்யா? எந்தக் கை?

26 மே, சனி

சொல்லிவிட்டேன். ஐசக் கடையில், நாற்காலியிலிருந்து முகமெல்லாம் சோப்பு நுரையோடு எழுந்து நின்றே சொன்னேன். "அந்தத் தட்டு கிளியோ தட்டினது இல்ல. நான் தட்டினது. சத்தியம்."

ஐசக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"எல்ஜின், போன மாசம் வெர்லீனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது நீன்னு சொன்னே. போன வாரம் மேளக்காரனுக்குத் தாளம் சொன்னது நீ. இப்போ தட்டும் நீயா? அந்தப் பொண்ணு பாவாடையாவது சொந்தமா கட்டிக்கிட்டாளா, இல்ல அதையும் நீதான் தச்சியா?"

"இது நெஜம்யா!"

"அப்போ மத்ததெல்லாம்?"

என்னத்தச் சொல்றது. பாதி மூஞ்சி சவரத்தோட வெளிய வந்துட்டேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை கூட்டாம குறைக்காம ஒரு விஷயத்தைச் சொன்னேன், அதை ஒருத்தன்கூட வாங்கிக்க மாட்டேங்கிறான்.

27 மே, ஞாயிறு

ஒடெஸ்ஸாவிடம் சொன்னேன். அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து ஜெபப் பாட்டுக்கு நீ தட்டுறதக் கேக்குறேன். உன் தட்டு தாளத்துக்கு ஒரு இம்மி முந்தி வரும். ரேடியோவுலயும் முந்தித்தான் வந்துச்சு."

"அப்போ ஊர்ல சொல்லேன்!"

"ஊர் எனக்கெதுக்கு? கிளியோகிட்ட நீ சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததைப் போய் அவனிடம் என்ன சொல்வது?

"தெரியும்ங்கிறது வேற. நீ சொல்றது வேற" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

9 ஜூன், சனி

காலையிலேயே கிளியோ வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அது என் கைடா."

"தெரியும். அப்போ என் கை பேண்ட் பாக்கெட்ல இருந்துச்சு. அவர் நிறுத்தச் சொன்ன இடத்துல நான் கையை உள்ள விட்டுப்பேன், தப்பு வந்துடக் கூடாதுன்னு."

"அப்புறம் ஏண்டா உன்னோடதுன்னு ஒத்துக்கிட்டே?"

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்? ஊர் சொல்லுச்சு, நான் பை சாப்பிட்டேன்." ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான். "அதுலயும் எதிர்ப்பக்கம் நீ வேகுறதப் பாத்துக்கிட்டே கதவு மாட்டுறது இருக்கே! வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் இவ்வளவு சந்தோஷமா கதவு மாட்டினதில்ல."

எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன் எல்ஜின். பிப்ரவரிக் குளிர்ல. பஸ்ல ஏறினா யாராவது எப்படிப் போச்சுன்னு கேப்பாங்கன்னு நடந்தே வந்தேன். உன் விரலையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். தட்ட இல்ல. விரல."

நான் அந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

"என்கிட்ட வந்து சொல்றது சுலபம். பாஸ்கம்கிட்ட போய்ச் சொல்லு" என்றான்.

16 ஜூன், சனி

கிளியோ அங்கே வேலைக்கு வருமுன் காலையிலேயே போனேன். இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

பாஸ்கம் மேஜையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விரலையும் சொன்னேன். மென்று முடிக்கும்வரை என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்தத் தட்டு உன்னோடது."

"ஆமா சார்."

"நல்ல தட்டு. ஆனா நான் கிளியோபஸைத்தான் கூப்பிடுவேன். ஒரு மாசமா அவன் எந்தப் பாட்டுலயும் ஒரு இடம் தவறல. தப்பா தட்டுறவனோட நான் வேலை செஞ்சுடுவேன்யா. பக்கத்துல நிக்கிறவன் மேல கை காட்டுறவனோட ஒரே வீட்டுல வேலை செய்ய எனக்கு மனசு வராது. நீ வரவேண்டாம்."

சரி என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். நடந்தே வந்தேன். நாலு மைல். குளிர் கிடையாது, அதனால் அவன் நடந்ததுக்கு ஈடாகாது.

18 ஜூன், திங்கள்

"போனியா?" என்று கிளியோ கார் ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"போனேன்."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். அவன் திருகாணியை இறுக்கினான். அடுத்த கார் வந்துவிட்டது.

4 ஜூலை, புதன்

எங்கள் கொல்லையில் விடுமுறைக் கொண்டாட்டம். விலா எலும்பு நான் சுட்டேன். மாநிலத்திலேயே — வேண்டாம், நன்றாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கருகிவிட்டது.

நான் கூப்பிடாமலேயே கிளியோ வந்தான், பெர்னீஸோடு. ஐசக் வந்தான். வெர்லீன் தோழிகளோடு வந்தாள். பாட்டு இப்போது மூன்றாம் இடம். இசைத்தட்டுப் பெட்டியை ஒடெஸ்ஸா சமையலறை ஜன்னலில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டாள். எல்லாரும் ஆடினார்கள். நான் அடுப்புப் பக்கமே நின்றேன்.

அந்த இடம் வரப்போகிறது. எல்லாக் கையும் தயாராக உயர்ந்தது. அப்போது கிளியோ பெஞ்சு மேல் ஏறினான். "எல்லாரும் கையைக் கீழ போடுங்க! ஒருத்தரும் தட்டக்கூடாது. இன்னிக்கு மட்டும் கேளுங்க. ஐசக், உன்னையும்தான் சொல்றேன். அது என் கை இல்ல. எல்ஜின் கை. அவன் சொன்னது நெஜம்."

ஜன்னல் திறந்திருக்கு, என்றாள் பெட்டிக்குள் இருந்த வெர்லீன்.

கொல்லை முழுக்க ஒரு சத்தமில்லை. எலும்பிலிருந்து கொழுப்புச் சொட்டுகிற சத்தம் மட்டும். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பாத்திரம் கழுவினவன் மாதிரி கையைத் துண்டில் சுற்றிக்கொண்டேன்.

டப்.

உண்மைதான். என் தட்டு ஒரு இம்மி முந்தி வருகிறது.

பாட்டு மறுபடி பாய்ந்தது. யாரும் ஆடவில்லை. வெர்லீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தட்டைக் கேட்டவள் மாதிரி இல்லை, விரலைப் பார்த்தவள் மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மாமா, எலும்பு கருகுது" என்றாள். நகர்ந்து போகாமல் அங்கேயே நின்று, திருப்பிப் போட உதவி செய்தாள்.

15 செப்டம்பர், சனி

கிளியோ பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டான். பாஸ்கம் வீடுவரை என் காரில் கொண்டுபோய் விட்டேன். இன்று மூன்று பாட்டாம்.

"உள்ள வர்றியா? வாசல்ல நின்னு கேக்கலாம், அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றான்.

வேண்டாம் என்றேன். எரிந்தது, இல்லையென்று எழுதமாட்டேன். தெரு முனையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு தூரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் அவனை ஏற்றிக்கொண்டு வந்தேன்.