கிரீடம் வந்துவிட்டது, சூசையின் பெயர் வரவில்லை

அருளின் அப்பாவுக்கு, என் குறையாத அன்பு.

உங்கள் கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். கரிசலில் உளுந்து எடுத்தாகிவிட்டது. என் முட்டுவலி தேவலை. நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் மகனைப் பற்றியது.

போன மாதம் மாதாவின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போயிற்று. ஞாயிறு பூசை முடிந்து ஊரே கோயில் முற்றத்தில் நிற்கும்போது, மணி அடித்துக் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை சூசையைப் பார்த்து, "கிரீடத்த எங்கல வித்த, திருட்டுப்பயலே?" என்று கத்தினான் அருள். சூசை அவனைவிட எவ்வளவு மூத்தவர்! நீங்கள் நம்பிக் கோயில் சாவியைக் கொடுத்த மனிதர்.

அந்த வாரமே கிரீடம் கிடைத்தது. அருளின் கார் டிக்கியில். குடை எடுக்கப்போன நான்தான் பார்த்தேன். உங்களுக்குப் பின் கோயில் பொறுப்பைப் பார்க்கும் இவனே மெருகு போடக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்துவிட்டு மறந்திருக்கிறான். மறதியை யார் குற்றம் சொல்வார்கள்? ஆனால் அவன் யாரிடமும் மூச்சு விடாமல் கிரீடத்தை மாதா தலையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மணி அடிக்க ஆள் இல்லை என்று சூசை வீட்டுக்குப் போனேன். "நான் வரலம்மா," என்றார். "நான்தான் பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டேன்னு டீக்கடையில சிரிக்காவ. பேத்திகிட்ட பள்ளிக்கூடத்துல கேக்காவ." அவர் மனைவி எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. ஏன் தர வேண்டும்?

அருளிடம் கேட்டேன். தவக்காலம் என்று கறி தொடாமல், செருப்புப் போடாமல் பக்திமானாகத் திரிகிறான்.

"எம்மா, சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. ஆண்டவரே மன்னிச்சிட்டாரு. நீங்க எதுக்கு இன்னும் நோண்டுதீங்க?"

"ஏலே, நீ ஆண்டவரையா திருடன்னு சொன்ன? சூசையத்தானே சொன்ன!"

"நாலு பேர் முன்னால அவன்ட்டப் போய் நிக்கச் சொல்லுதீங்களா? என் மரியாத என்ன ஆகும்?"

கான்வென்டில் நான் படித்த ஞானோபதேசத்தில் பாவத்தைச் சொல்வதோடு பரிகாரமும் இருந்தது. ஒருவன் பெயரைக் கெடுத்தால் கெடுத்தவனே அதை மீட்டுத் தர வேண்டும். இப்போது அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்களா? வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் போதுமா? சாமியாரிடம் நான் கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் அருளின் வாயை யார் கட்டினார்கள்?

கயத்தாறு டீக்கடையில் ஒரு லாரி டிரைவரைத் தவறாக ஏசிவிட்டு, மறுநாள் அதே கடையில் எல்லோர் முன்னாலும் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களே. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டீர்கள். அந்த இரத்தம் இவனிடம் எங்கே போயிற்று?

இன்னும் கேளுங்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசுவின் சீடர்கள் இடத்தில் உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் அருள் முதல் ஆள். வருஷா வருஷம் அந்தத் தண்ணீரைச் சுமந்த சூசை வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்.

அதுவரை அவனுக்கு அவகாசம் தந்திருக்கிறேன். அவன் வாய் திறக்காவிட்டால், அன்று பூசைக்கு முன் அவன் கத்திய அதே இடத்தில் நின்று, கிரீடம் யார் காரில் இருந்தது என்று நானே சொல்வேன். அது, செய்த பாவத்துக்காக அவன் மனம் வருந்திப் படவேண்டிய மனஸ்தாபம் ஆகாது. அதை அவனுக்காக நான் பட முடியாது. ஆனால் சூசை தலை நிமிர்ந்து கோயிலுக்குள் வருவார். அருள் என் முகத்தில் விழிக்காமல் போனால் போகட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் அவனுக்குத் தாயாகவே இருக்கிற,
உங்கள் மனைவி