வாயைத் திறந்து பார்க்காதவர்கள்

திருவண்ணாமலை
18-11-1984

தம்பி ராமதாஸுக்கு அக்கா திரௌபதி எழுதுவது. பம்பாயில் நீயும் கஸ்தூரியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணனுக்கு மாத்திரையை நிறுத்தாதே, தை மாதம் உன் பெண்ணைப் பார்க்க நம் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் கத்திவிடுவார் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

காசி அண்ணன் பிறவியிலேயே புத்தி வளராதவர். அதற்காகப் பைத்தியமா? ஐம்பது வயது தாண்டியும் செங்கம் ரோட்டு டீக்கடைக்குத் தண்ணீர் சுமந்தவர். போன வருஷம் திடீரென்று ஏன் கத்தினார், ஏன் கன்னத்தில் அறைந்துகொண்டார் என்று நீயும் யோசிக்கவில்லை, நீ அழைத்துப்போன டாக்டரும் யோசிக்கவில்லை. "சத்தம் போடாம இருந்தாப் போதுங்க"ன்னு அவரிடம் சொன்னாய். மாத்திரையை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டாய்.

சத்தம் நின்றது. பேசிவந்த ஒன்றிரண்டு சொல் உட்பட எல்லாமே நின்றது. கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியவில்லை. எச்சில் ஒழுகுகிறது. நாக்கு தானாகத் துழாவுகிறது. போன மாதம் தெருவில் கட்டை மாதிரிச் சாய்ந்து விழுந்து நெற்றி கிழிந்தது.

அதற்குப் பிறகுதான் வேலூருக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, "என்ன வியாதிக்கு இந்த மாத்திர குடுத்தாங்க?"ன்னு கேட்டார். "சத்தம் ஜாஸ்தியா போட்டாருங்க"ன்னேன். டாக்டரம்மாவே அண்ணனின் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்கள் வேர் வரை சொத்தை, ஈறெல்லாம் சீழ்.

பல்வலி, ராமதாஸ்! வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கத்தினார். அந்தக் கத்தலையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

பல்லை எடுத்தாயிற்று. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மி செய்கிறார்கள். நடுக்கம் குறையும், நாக்குத் துழாவுவது கடைசி வரை போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. நேற்று அண்ணன் என் முந்தானையை இழுத்து, "பசிக்குது"ன்னார். எத்தனை மாதம் கழித்து அவர் வாயால் ஒரு சொல் கேட்டேன்! அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வருகிறவர்கள் வரட்டும். பெண்ணுக்குப் பெரியப்பா யார் என்று கேட்டால், கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான் காட்டுவேன். அது உனக்கு வெட்கமென்றால் பெண் பார்க்க வேறு வீடு தேடிக்கொள்.

குழந்தைக்கு நல்ல இடம் அமைய அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? நீ தீபத்துக்கு வா. அண்ணன் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை சோறு ஊட்டு. மென்று விழுங்க நேரமாகும். எழுந்து போய்விடாதே.

இப்படிக்கு
உன் அக்கா
திரௌபதி