பதினான்கு கறுப்புப் படங்கள்

நவம்பர் 9, ஞாயிறு

ஜெய்ராம் மாமா மூன்றாவது வடைக்குக் கை நீட்டினார். ஹாலில் பளீரென்று மின்னல் வெட்டியது. மாமா கையை இழுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். லேக் கார்டன்ஸ் முழுக்க நல்ல வெயில்.

"என்னடி மேக்னா இது, மழை வரப்போறதா?"

"வடைக்குத் தடை மாமா. மேலிடத்து உத்தரவு."

மேலிடம் என்றால் புத்தக அலமாரியின் உச்சி. அக்காவின் குட்டி ஃப்ளாஷ் இரண்டும் அங்கேதான் குடியிருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் சைஸ். பளிச், பளார் என்று பெயர் வைத்தது நான். இவை கேமராவோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், ஒயரும் கிடையாது. கேமராவின் தலையில் ஒரு டிரிக்கரை மாட்டினால் அது ரேடியோவில் கூப்பிடும். இவை எந்த மூலையில் இருந்தாலும் வெடிக்கும்.

அக்கா போன மாதம் பழைய கேமராவைத் தள்ளிவிட்டு வேறு கம்பெனியின் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாள். பழைய டிரிக்கர் புதுக் கேமராவின் தலையில் உட்காராது. புது டிரிக்கர் வாங்கி, ஃப்ளாஷ் எந்தச் சேனலில் இருந்ததோ அதே சேனலில் வைத்துவிட்டாள். அநாதையான பழைய டிரிக்கரை நான் தத்து எடுத்துக்கொண்டேன். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான். கேமராவே வேண்டாம், அமுக்கினால் மின்னல்.

அம்மா சமையலறையிலிருந்து "ஒழி!" என்றாள்.

"ஒளி வந்தாச்சும்மா."

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாளாகவே சிரிப்பதில்லை.

நவம்பர் 12, புதன்

காரணம் இன்று தபாலில் வந்தது. வங்கி வேலை, இங்கிருந்து ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளி மால்டா கிளை. டிசம்பர் பதினைந்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். ரிசல்ட் வந்தது அக்காவுக்கு முன்பே தெரியும். சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

அப்பா கடிதத்தை மூன்று தடவை படித்தார். பட்டாபிராமன் என்ற இந்த மனிதர் வங்கியிலேயே பிறந்து, வங்கியிலேயே பூணூல் போட்டுக்கொண்டவர் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

"ரெண்டு வருஷமா கேமராவைத் தூக்கிண்டு அலையறே மாது. ஒரு ஸ்டூடியோ உன்னை வேலைக்கு எடுத்துண்டுதா? எடுத்துண்டா சொல்லு, இந்தக் கடிதாசை நானே கிழிச்சுப் போடறேன்."

"டிசம்பர் பதினஞ்சுக்குள்ள சொல்றேம்ப்பா."

அப்பா சொன்னால் செய்வார். கிழிப்பார். அதனால்தான் இது மிரட்டல் இல்லை, பேரம்.

நவம்பர் 15, சனி

கரியாஹாட்டில் தீபாங்கர்தாவின் ஸ்டூடியோவுக்கு அக்காவோடு போனேன். தமிழ், தெலுங்குக் கல்யாணமெல்லாம் அவரிடம் நிறைய வருகிறது. படமெடுக்கத்தான் ஆள் சரியில்லை. பெங்காலிக் கல்யாணத்தில் எல்லாம் நிதானமாக நடக்கும். நம்முடையதில் திடீரென்று கெட்டிமேளம் முழங்கும், முந்நூறு பேர் எழுந்து நின்று அட்சதை எறிவார்கள், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். அவருடைய ஆட்களுக்கு ஒவ்வொரு தடவையும் கிடைப்பது ஏதோ ஒரு மாமாவின் முதுகு.

அக்காவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு கல்யாணத்தைத் தனியாகப் படமெடுத்துக் கொண்டு வா. முதலில் தாலிப் படத்தைத்தான் பார்ப்பேன். அது இருந்தால் இந்த சீசனிலிருந்தே நீ என் ஆள்.

பக்கத்துக் கட்டடம் கோமதி மாமியின் பெண் சுப்ரியாவுக்கு முப்பதாம் தேதி கல்யாணம். மாமி படமெடுக்கும் வேலையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டாள்.

ஒரே கல்யாணம். எனக்கென்னவோ இது நடக்காது என்றே தோன்றியது. ஏன் தோன்றியது?

நவம்பர் 23, ஞாயிறு

ஒத்திகை. நான் மணப்பெண், தலையணை மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் பஞ்சு மாதிரி மனசு. அக்கா சிரிக்கவில்லை.

வ்யூஃபைண்டரில் பார்த்தேன், என்ன வெளிச்சம்! அக்கா ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்துக் காட்டினாள். படம் கறுப்பு.

"டிரிக்கர் மாட்டிட்டா உள்ளே எப்பவும் வெளிச்சமாத்தான் காட்டும் மேகி. இல்லேன்னா இருட்டுல ஃபோகஸே பண்ண முடியாது. ஃப்ளாஷ் அடிச்சுதா இல்லையாங்கறது எடுத்தப்புறம் படத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்போ கேமராவும் பொய் சொல்லும்."

"ம். நகரு, தலையணை சாயறது."

நவம்பர் 30, ஞாயிறு

இன்று எதுவும் எழுத மாட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

லேக் மார்க்கெட் பக்கம் மண்டபம். காலையிலேயே அக்கா பளிச்சையும் பளாரையும் உயரமான ஸ்டாண்டில் ஏற்றி மேடைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினாள். மேற்கூரை உயரம், அதனால் சக்தியையும் ஏற்றி வைத்தாள். பிறகு காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் எல்லாம் வாசல் பந்தலில், நல்ல வெயிலில். ஃப்ளாஷ் தேவையில்லை. அக்கா ஒரு மணி நேரம் வாசலிலேயே இருந்தாள்.

நான் மண்டபத்துக்குள். கைப்பையில் பழைய டிரிக்கர்.

யார் கொட்டாவி விட்டாலும் மின்னல். யார் இரண்டாவது காபிக்குக் கை நீட்டினாலும் மின்னல். மாமாக்கள் திடுக்கிட்டு உடனே போட்டோவுக்குச் சிரித்தார்கள். காலி மேடையைப் பார்த்துச் சிரித்தார்கள்! குழந்தைகள் வரிசையில் நின்று, "அக்கா, எனக்கு, எனக்கு" என்றன. நாற்பது தடவை இருக்குமா? அறுபதா? நான் எண்ணவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைத்ததில்லை.

அக்கா உள்ளே வந்தாள். பையை மூடிவிட்டேன். கன்னிகாதானத்தை வரிசையாக எடுத்தாள், இரண்டும் நன்றாகத்தான் வெடித்தன. சுப்ரியா அப்பா மடியில் உட்கார்ந்தாள். யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார்கள். தவில் காதைப் பிளந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அக்கா மட்டும் மேடை விளிம்பில் மண்டியிட்டு, ஒருவர் முதுகும் மறைக்காத ஒரே இடத்தில், விடாமல் எடுத்தாள். சரியான இடம். சரியான நேரம். அவள் முகத்தைப் பார்த்தேன், கேமராவுக்குக் கீழே வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பல நாளுக்கப்புறம்.

அட்சதை விழுந்து ஓய்ந்ததும் கேமராவின் முதுகைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்டாண்டிடம் ஓடி ஃப்ளாஷைத் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்தாள்.

சூடு. அளவுக்கு மேல் வெடித்தால் தானே நின்றுகொள்ளும், ஆறும்வரை வெடிக்காது. சின்ன உடம்பு, சீக்கிரம் சுடும்.

முதல் முடிச்சிலிருந்து நாத்தனார் போட்ட மூன்றாம் முடிச்சு வரை பதினான்கு படம். பதினான்கும் கறுப்பு.

டிசம்பர் 3, புதன்

அக்கா கம்ப்யூட்டரில் அந்தப் பதினான்கையும் வெளிச்சமாக்கிப் பார்க்கிறாள். இழுக்க இழுக்க புள்ளி புள்ளியாக மணல் கொட்டுகிறது. சுப்ரியாவுக்கு மூக்கு இருக்கிறது, கண் இல்லை. ஒன்றில் தாலி இருக்கிறது, கை இல்லை.

"கன்னிகாதானத்துல நான்தான் அவசரப்பட்டு நிறைய அடிச்சுட்டேன் போலிருக்கு" என்று தனக்குத்தானே சொன்னாள். "ஆனா அவ்வளவு ஒண்ணும் அடிக்கலையே... முப்பதுகூட இருக்காதே."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். தின்றேன்! வாயில் பிஸ்கட் இருந்தால் பேச வேண்டாம் இல்லையா?

டிசம்பர் 5, வெள்ளி

கோமதி மாமி போன் செய்தாள். கோபமே படவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

"பரவாயில்லடா கண்ணா. எங்க சம்பந்தி அத்தை போன்ல எடுத்தது ஒண்ணு இருக்கு. ஆல்பத்துல முதல் பக்கத்துக்கு அதையே போட்டுடு."

அக்கா "சரி மாமி" என்றாள். போன் படத்தில் பாதி ஒரு மாமாவின் முதுகு.

டிசம்பர் 6, சனி

தீபாங்கர்தா நானூறு படத்தையும் பொறுமையாகப் பார்த்தாராம். ஊஞ்சல் பிரமாதம் என்றாராம். பிறகு, "தாலி கோதாய்?" என்று கேட்டாராம். எங்கே?

அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றாராம். அடுத்த சீசன் பதினைந்தாம் தேதிக்குள் வராது.

கடிதம் டிவி மேல் இருக்கிறது, கிழியாமல்.

டிசம்பர் 8, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 10, புதன்

சொல்லிவிட்டேன்.

அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். டிரிக்கரை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கொட்டாவி, காபி, வரிசையில் நின்ற குழந்தைகள் எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று நினைத்தேன். துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை தரம் அமுக்கினே?"

"தெரியலக்கா. அறுபது இருக்கும்."

"அதானே பார்த்தேன்." ஏதோ கணக்கு விடை வந்த மாதிரி சொன்னாள்.

"அவர்கிட்ட போய்ச் சொல்லுக்கா. உன் தப்பு இல்லேன்னு சொல்லு. நான் வேணா வரேன்."

"என்னன்னு சொல்றது? சேனலை மாத்தாம, பழைய டிரிக்கரை உன் கையிலேயே விட்டுட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன்னா? அதே சேனல்ல வேற ஒரு போட்டோகிராஃபர் அங்க வந்திருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். சேனல் மாத்தறது முதல் வேலை மேகி. நான் மாத்தல."

"ஆனா நான்தானே..."

"அந்தப் போர்வை முனையைப் பிடி."

பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து மடித்தோம்.

டிசம்பர் 11, வியாழன்

ஸ்கூலை விட்டு நேரே கரியாஹாட். அக்காவுக்குத் தெரியாமல். நான் ஏன் இப்படிச் செய்கிறேன்? எதைச் செய்தாலும் ஏன் அவளுக்குத் தெரியாமலே செய்கிறேன்?

தீபாங்கர்தா டீ வாங்கிக் கொடுத்தார். என் பெங்காலி தமிழைவிட நன்றாக ஓடும். அழுதுகொண்டே சொன்னாலும் ஓடியது. எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பதினான்கு படம் எடுக்கிறவரை உன் தீதி ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லையா?"

"கெட்டிமேளம்... நேரமே இல்லை தீபாங்கர்தா."

"முதல் படத்துக்கப்புறம் ஒரே ஒரு பார்வை. கறுப்பு என்று தெரிந்திருந்தால், ஃப்ளாஷ் இல்லாமலே படம் விழும்படி ஐஎஸ்ஓவை ஏற்றி மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஃப்ளாஷ் கெடும். யாராவது கெடுப்பார்கள். எல்லாக் கல்யாணத்திலும் ஏதாவது நடக்கும். அதற்குத்தான் ஆள்." பிறகு என் டீயைப் பார்த்து, "நீ சின்னப் பெண். உன் மேல் தப்பு இல்லை" என்றார்.

என் மேல் தப்பு இருந்தால்தான் அவளுக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அதுவும் இல்லையாம். போகாமலிருந்தால் அடுத்த சீசனாவது மிச்சமிருந்திருக்கும். என்னை வழியனுப்பும்போது அவர் அடுத்த சீசன் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

ஹௌராவில் மதிய வண்டி. அப்பா பெட்டியைத் தானே தூக்கினார். "ஜன்னலோர சீட்டும்மா" என்று ஏதோ பரிசு கொடுப்பது போலச் சொன்னார். அவர் மேல் கோபம் வரவில்லை. யார் மேல் வரும்?

கேமரா பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். கிளம்புவதற்கு முன் அக்கா பளிச், பளார், இரண்டு டிரிக்கர் எல்லாவற்றிலிருந்தும் பாட்டரியைக் கழற்றித் தனித்தனியாக உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"உள்ளேயே விட்டா வீணாப் போயிடும். மாசம் ஒரு தரம் சார்ஜ் போட்டு வை."

"எதுக்குக்கா?"

அக்கா பெட்டியைப் பூட்டினாள். பிளாட்பாரத்தில் ஒரு ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

ஜனவரி 4, ஞாயிறு

போனில் அக்கா: குளிர் ஜாஸ்தி, மெஸ்ஸில் தினம் உருளைக்கிழங்கு, கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஏழு ஜோக் சொன்னேன். ஏழுக்கும் "ம்."

பாட்டரி சார்ஜ் போட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

போன ஞாயிறு ஜெய்ராம் மாமா பையன் கல்யாணம். அக்கா ஒரு நாள் லீவில் வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள், பட்டுப்புடவையில் நன்றாகவும் இருந்தாள். படமெடுத்தது யாரோ ஒரு பெங்காலிப் பையன், துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தான். கெட்டிமேளத்தின்போது எல்லோரும் எழுந்தோம். அக்கா எழவில்லை. அட்சதையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு குடும்பப் படம். "தீதி, இங்கே, இங்கே" என்று அந்தப் பையன் அவளை மட்டும் மூன்று தடவை கூப்பிட்டான். அக்கா "பார்த்துண்டுதானே இருக்கேன்" என்றாள்.

படங்கள் இன்று வந்தன. குடும்பப் படம் மட்டும் ஆறு. பதினேழு பேர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அக்கா ஆறிலும் இடது மூலையை, கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கண்ணை எங்கடி வெச்சிருக்கா இவ?" என்றாள் அம்மா.

அந்தப் பையனின் ஃப்ளாஷ் ஸ்டாண்டு அங்கேதான் இருந்தது.