மெஷின் தின்ற உளிக்குறிகள்

அன்பு மகன் ஹக்கீமுக்கு அத்தாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் இங்கே நலம், பெர்த்தில் நீயும் மருமகள் ஹனாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். நான் சொல்ல உன் அக்கா ஷஹீரா எழுதுகிறாள், ஏச்சைக் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பினாங்குப் பாலம் திறந்த வருஷம், ஊரே அதில் கார் ஓட்டிப் பார்க்க ஓடியபோது, நாங்கள் நால்வர் நம் வீட்டு மரச்சட்டத்தை நிறுத்திக்கொண்டிருந்தோம். எட்டுத் தூண், பன்னிரண்டு உத்திரம், எல்லாம் மெர்பாவ் மரம், ஓர் ஆணி கிடையாது. ஒவ்வொரு உத்திரத்தின் முனைக் கழுந்தையும் அது நுழைய வேண்டிய தூணின் துளைக்கு அளவு பார்த்துச் செதுக்கினோம், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. எது எதோடு சேரும் என்று தெரிய இரண்டிலும் ஒரே குறியை உளியால் வெட்டினோம். எங்களில் ஒருவருக்கும் எழுதத் தெரியாது, கோடும் பிறையும் கோழிக்காலும்தான்.

கூரை மாற்றச் சட்டத்தைப் பிரித்தது சரி. ஆனால் வீடியோவில் பார்த்துவிட்டு, மரமெல்லாம் கீறலாக அசிங்கமாயிருக்கிறது, மெஷின் போட்டு வழவழப்பாக்கு என்று காண்ட்ராக்டர் மோகனராஜிடம் சொன்னது யார்? நான் ஜும்ஆ தொழுதுவிட்டு வருவதற்குள் குறி அத்தனையும் தூள். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

இப்போது எல்லாம் வாசல் அஞ்சடி நடையில் தார்ப்பாய்க்கடியில் கிடக்கிறது. "அங்கிள், எல்லாத்தையும் ஒரே சைஸா வெட்டி இரும்புத் தகடு வெச்சு போல்ட் முடுக்கிரலாம்லா" என்கிறான் அவன். வெட்டிவிட்டால் அது வெறும் விறகு. நாற்காலியைப் போட்டு மரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், உம்மா தேத்தண்ணியையும் திட்டையும் அங்கேயே கொண்டுவந்து தருகிறாள். திங்கட்கிழமை வரை பொறுப்பானாம். முன்பாதி நான் வெட்டியது, மூட்டு மூட்டாக நினைவிருக்கிறது, ஆறு உத்திரத்துக்கும் தூணைச் சொல்லிவிட்டேன். பின்பாதி என் கை படாதது. ஊகத்தில் ஒன்றை நுழைக்கச் சொன்னேன், தூண் ஒரு சாண் பிளந்துவிட்டது.

அந்தப் பாதியை வெட்டியவரைத்தான் மண்டபத்தில் இடமில்லை என்று உன் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டாய், எண்ணூறு பேர் பிரியாணி தின்ற மண்டபம். அன்றிலிருந்து அவர் என் போனை எடுப்பதில்லை. நானாகப் பட்டர்வொர்த்தில் பஸ் ஏறிப் போய் நின்றாலும் கதவு திறக்காது, பிழை உன்னுடையது. நீயே பேசு, மன்னிப்புக் கேள், வீட்டுக்கு வரச் சொல்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் பொறுமையும் தரட்டும். அங்கே குளிராமே, நெஞ்சை மூடிக்கொள். திங்கட்கிழமையை மறந்துவிடாதே. நால்வரில் வேலு போய்ப் பத்து வருஷம், ஷேக் அலாவுதீன் கோவிட்டில் மௌத்து. என்னை விட்டால் மிச்சம் சுங்கை பாக்காப்பில் இருக்கும் உன் திருநாவுக்கரசு மாமா ஒருவர்தான்.

உன் அத்தா,
முஸ்தஃபா