என் கையைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்த வேண்டி

அனுப்புநர்:
சோ. ஜெயபாண்டி, எம்.ஏ.,
த/பெ. சோணைமுத்து,
அவிநாசிபாளையம்,
திருப்பூர் – தாராபுரம் சாலை.

பெறுநர்:
தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
திருப்பூர், கோவை மாவட்டம்.

பொருள்: புதிதாக வேலைக்குச் சேர்வோர் முன் எனது ஊனமுற்ற கையை உயர்த்திக் காட்டச் செய்வதைத் தடுக்கவும், வேறு வேலை வழங்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மயிலாள் நிட் கார்மெண்ட்ஸ் என்னும் பனியன் நிறுவனத்தில் துணி வெட்டும் பிரிவில் இருந்தேன். படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை. சென்ற ஆண்டு ஆடி மாதம் என் இடது கை வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் சிக்கியது. கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

2. உரிமையாளர் திரு. வெள்ளியங்கிரி அவர்கள் மருத்துவச் செலவு முழுவதையும் ஏற்றார். சம்பளமும் தவறவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அதனாலேயே இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

3. இப்போது என் வேலை இது. திங்கட்கிழமைகளில் புதிய ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கையை உயர்த்த வேண்டும். "நல்லாப் பாத்துக்கங்க, அண்ணனுக்கு இதுக்குத்தான் சம்பளமே" என்பார் மேற்பார்வையாளர் சுப்பையன். சிலர் சிரிப்பார்கள். சிலர் தம் விரல்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். மற்ற நாட்களில் நாற்காலி மட்டும்.

4. ஒருமுறை மறுத்துப் பார்த்தேன். "உன்ற கையப் பாத்தாத்தான் கண்ணு அவிய கை தப்பும்" என்றார் உரிமையாளர். மென்மையாகத்தான் சொன்னார். அதன்பின் எவர் கையும் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால், வெட்டுவோர் அணிய வேண்டிய கம்பி வலைக் கையுறைகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. அணிந்தால் வேகம் குறையுமாம். அவற்றுக்குப் பதிலாக நான்.

5. புதியவர்கள் வரிசையில் நின்ற, தென்மாவட்டத்திலிருந்து வந்த அபிராமி என்ற பெண் மட்டும் "இன்னும் வலிக்காண்ணே?" என்று கேட்டது. அதுவரை யாரும் கேட்டதில்லை. இல்லாத விரல்கள் இன்னும் துணியை அழுத்திப் பிடிக்கின்றன என்று சொல்ல நினைத்தேன். "கதை அப்புறம், நவுரு நவுரு" என்றார் சுப்பையன். வரிசை நகர்ந்துவிட்டது.

6. சென்ற வாரம் வீட்டுக்கு எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவர் முன் என் கை தானாக உயர்ந்தது. அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். கையை இறக்க நேரமாயிற்று. அன்றிலிருந்து எனக்கு என்னிடம் பயமாக இருக்கிறது.

7. உணவு இடைவேளையில் செக்கிங் மேசையில் தைத்த பனியன்களைச் சரிபார்த்துப் பழகினேன். மெதுவாக, ஆனால் பிழையின்றி வருகிறது. "எதுக்குச் சிரமம், சும்மா உக்காரு கண்ணு" என்று எழுப்பிவிட்டார்கள்.

எனவே, என்னைச் செக்கிங் பிரிவில் அமர்த்தவும், வெட்டுவோருக்குக் கையுறை வழங்கவும், என் கையைக் காட்டும்படி கேட்பதைத் தடை செய்யவும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறேன்.

வரும் திங்களன்று புதியவர்கள் சேர்கிறார்கள். என்னை அழைப்பார்கள். எழுந்து நிற்பேன், மறுக்க என்னால் இயலவில்லை. ஆகவே ஐயா, என் சார்பில் தாங்கள் மறுக்க வேண்டும்.

இடம்: அவிநாசிபாளையம்
நாள்: 06.09.2006

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்
சோ. ஜெயபாண்டி