ஜூன் ஒன்பது வரையில்

செஞ்சி,
17.4.1983

பெருமதிப்பிற்குரிய தோழி ஆண்டாள் அவர்களின் சமூகத்திற்கு, ஹபீபுன்னிசா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் கார்டு கிடைத்துப் பதினாறு நாட்களாகியும் பதில் எழுதத் தவறியமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். வேலூர் ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கொன்றுமில்லை எனக் கூறித் தங்களை மேல்மலையனூருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற வரியைப் படித்தபின், மூன்று முறை பேனாவை எடுத்தேன். மூன்று முறையும் மூடி வைத்தேன்.

உடனே புறப்பட்டு வரவேண்டியவள் நான். ஆனால் என் கணவர் ஜனவரி முப்பதாம் தேதி காலமானதிலிருந்து இத்தா இருக்கிறேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்பது தாங்கள் அறிந்ததே. ஜூன் ஒன்பதாம் தேதி அது நிறைவுறுகிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் அங்கிருப்பேன். அதுவரை உடலைப் பேணிக்கொள்ள வேண்டும்.

சன்னலில்லாத அறையில் படுத்திருப்பதாகவும், நம் கொல்லையைப் பற்றி எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். தாங்கள் கடை வைக்க அவ்வூர் செல்லும்வரை, இருபது ஆண்டுகள் இடைச்சுவரின்றி இரு குடும்பமும் புழங்கிய கொல்லையல்லவா! கிணற்றில் நீர் ஆறு முழம் இறங்கிவிட்டது. ஆயினும் கொய்யா மரத்தடியில் தாங்கள் வைத்துப்போன மண்தட்டில் காலையும் மாலையும் நீர் ஊற்றுகிறேன். தவிட்டுக்குருவிகள் ஏழும் சேர்ந்து வந்து, ஒன்றையொன்று ஏசிக்கொண்டே குளிக்கின்றன. துணிக்கொடியின் முனையில் தேன்சிட்டு கூடு கட்டியுள்ளது. பெண்சிட்டு அலகை மட்டும் வெளியே நீட்டியபடி அடைகாக்கிறது. கொடுக்காப்புளி சிவந்து சுருள்கிறது. மல்லிகை செடி நிறையப் பூக்கிறது. நான் சூடலாகாது, ஆகையால் பக்கத்து வீட்டு ரோஷன் பீ பறித்துச் செல்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஹபீபுன்னிசா


மேல்மலையனூர்
24.4.83

அடியே ஹபீபு,

இன்னாடி இது, கலெக்டருக்கு மனு போட்ட மாதிரி? ‘தங்கள்’, ‘சமூகம்’! பொட்டலம் கட்ற பேப்பரப் படிச்சே புலவராயிட்டவளுக்கு, ஒரே கொல்லையில பாத்திரம் தேச்சவள ‘நீ’ன்னு எழுத வராதா? எங்க வீட்டுக்காரரு படிச்சிக் காட்டினாரு. சிரிச்சதுல வயிறு புடிச்சிக்கிச்சி. வலியில கத்துறேன்னு அவரு பயந்துட்டாரு.

ஏழு குருவியும் இன்னும் ரேஷன் கடை கணக்கா சண்டை போடுதா? ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன். நீ தண்ணி ஊத்துற சத்தம் காதுல கேட்டுது. நிறைய எழுதுடி.

ஆனா ஜூன் ஒம்போதுன்னியே, அது எனக்கு ரொம்ப தூரம். கஞ்சிகூட எறங்கல. செஞ்சியிலேர்ந்து ஒரு மணி நேர பஸ். காலையில வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் பொழுதோட போயிடலாம். உங்க மார்க்கத்துல நான் தலையிடல. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன். கேட்டா உன் வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?

சொன்னது ஆண்டாள்.
எழுதினது எங்க வீட்டுக்காரரு, உன் அண்ணன் அரிகிருஷ்ணன்.


செஞ்சி,
5.5.1983

பெருமதிப்பிற்குரிய தோழிக்கு,

என் எழுத்து தங்களை நகைக்கச் செய்தது அறிந்து மகிழ்ந்தேன். இப்பழக்கம் இனி மாறாது, பொறுத்தருள்க.

தாங்கள் கூறிய யோசனை குறித்து. மார்க்க நூல்களை எவர் துணையுமின்றி எழுத்துக்கூட்டிப் பயின்றவள் நான். விதி இன்னதென்று எனக்குத் தெரியும். அதைப் பிறரிடம் போய்க் கேட்குமளவு அறியாதவளல்லேன். ‘பொம்பளைக்கு எதுக்குப் படிப்பு’ என்று ஏசிய கணவர் வீட்டார் முன்னிலையில், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்னும் சொல்லுக்கு இடமளியேன். முப்பத்தைந்து நாட்களே உள்ளன.

வெயில் கடுமை. பிற்பகலில் ஈரத்துணி சுற்றிய பானைநீரைப் பருகி, கொய்யா நிழலில் அமர்வதே என் சுகம். ரோஷன் பீ நுங்கு வாங்கி வந்தாள். ஒன்றைத் தங்களுக்கென எடுத்து வைத்தேன். பின்னர், கெட்டுவிடுமேயென்று நானே உண்டேன்.

தேன்சிட்டுக் கூட்டில் இரு குஞ்சுகள் பொரித்தன. திங்களன்று செம்போத்து வந்து கூட்டைக் கிழித்து இரண்டையும் தின்றுவிட்டது. தாய் இரு நாட்கள் கொடியிலேயே கத்திக்கொண்டிருந்தது. மறைத்தெழுதும் வழக்கம் எனக்கில்லையாதலால் தெரிவிக்கிறேன்.

தங்கள்
ஹபீபுன்னிசா


மேல்மலையனூர்
14.5.83

ஹபீபு,

குஞ்சு செத்ததயா எழுதுவ? சீக்காளிக்கு எழுதுற லெட்டராடி அது? அடுத்த வாட்டி பொய்யாவது எழுது.

முந்தாநாள் அமாவாசை. கோயிலுக்கு வந்த கூட்டம், தெருவுல ஊரே நின்னுது. ஸ்பெஷல் பஸ்ஸு சத்தம் விடியிற வரைக்கும். ஒவ்வொரு பஸ் நிக்கிறப்பவும் கதவப் பாத்தேன். கூட்டத்தோட கூட்டமா வந்தா யாருக்கும் தெரியாதேன்னு நெனச்சிருப்பியோன்னு. அவ்வளவுதான். இனிமே கூப்பிட மாட்டேன்.

நுங்கு நல்லா தின்னு. எனக்கு இப்ப தண்ணியே ஸ்பூன்லதான்.

ஆண்டாள்


செஞ்சி,
30.5.1983

மரியாதைக்குரிய அண்ணன் அரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

ஆண்டாள் இருபத்தோராம் தேதி காலமான செய்தியைத் தாங்கிய கார்டு கிடைத்தது. வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடும்படி தபால்காரர் சொன்னார். நான் கிழிக்கவில்லை.

அவளுடைய கடைசிக் கடிதத்திற்கு நான் பதில் எழுதவில்லை. பொய்யாவது எழுது என்றாள். கூட்டில் மறுபடியும் குஞ்சு பொரித்திருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. மரம் நிறையக் கொய்யா, கிளை நிறையக் கிளிகள். அதன் கீழே தினமும் காகிதத்தோடு அமர்ந்திருந்தேன். எப்படியும் ஜூன் பத்தாம் தேதி நேரில் பேசலாமென்று எண்ணி எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று ரோஷன் பீயின் கணவர் மூலம் ஹஜ்ரத்திடம் கேட்டனுப்பினேன். “சாகக் கெடக்கிறவங்களப் பகல்ல போய்ப் பாத்துட்டுப் பொழுதுக்குள்ள வூடு திரும்புறதுக்கா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்? முன்னாடியே ஏம்மா கேக்கல?” என்றாராம். ரோஷன் பீ அழுதாள். “எனக்குத் தோணிச்சிக்கா. நீங்க எல்லாம் படிச்சவங்கன்னு வாயத் தொறக்கல” என்றாள்.

மார்க்கம் தடுத்ததால் நான் வரவில்லை என்று தாங்கள் உறவினரிடம் கூறியிருக்கக்கூடும். தயவுசெய்து அப்படிக் கூற வேண்டாம். அது உண்மையன்று. ஒருவரிடம் கேட்டால் என் படிப்பு சிறுத்துவிடும் என்று அஞ்சினேன். வாசற்படிக்குள் என்னை நிறுத்தியது அது ஒன்றுதான்.

பதினான்காம் தேதிக்குப் பிறகு அவள் என்னைப் பற்றி என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். திட்டியிருந்தால், அவள் வாயில் வந்த சொல் மாறாமல் எழுதுங்கள். ஒன்றுமே சொல்லவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். இத்தா முடிய இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. அதன்பின் நான் அங்கு வரலாமா, கூடாதா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

உடனே பதில் எழுதவும்.

ஹபீபுன்னிசா